கதவில் ஒளிந்திருக்கும் காரீயம்

மார்கழி பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் தெருவுக்குத் தெரு ஒரு சப்தம் கேட்கும். பழைய கதவைத் தகட்டால் சுரண்டும் சப்தம். ஜன்னல் கம்பியை உப்புத்தாளால் தேய்க்கும் சப்தம். வானம் பார்த்த இந்தக் கரிசல் சீமையில், மழை பெய்தாலும் பொய்த்தாலும், தை பிறப்பதற்குள் வீட்டைப் புதுப்பித்துவிட வேண்டும் என்ற ஆசையில் ஏழைக்கும் பணக்காரருக்கும் வேற்றுமையில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு, கதவு, நிலை, ஜன்னல், தூண், இரும்புக் கிராதி ஆகியவற்றுக்கு எண்ணெய் வர்ணம். சுரண்டுகிறவர் கூலிக்கு வந்த பெயிண்டராக இருக்கலாம்; வீட்டுக்காரரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கலாம். உதிர்ந்த தூள் திண்ணையில் கிடக்கும். அதே திண்ணையில் தவழும் குழந்தை கையை வாயில் வைத்துக்கொண்டிருக்கும். மங்களகரமான காட்சி என்றே இதை இதுகாறும் நாம் எண்ணி வந்திருக்கிறோம். அதில் ஒரு விஷம் கலந்திருக்கக்கூடும் என்பதை எடுத்துச் சொல்வது இன்று நமது கடமையாகிறது.

அவ்விஷத்தின் பெயர் காரீயம். ஈயம் என்றவுடன் நம் பெண்மணிகள் ரசம் வைக்கும் ஈயச்சொம்பை நினைத்துக்கொள்வார்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம். கலப்படமில்லாத வரையில் அதனோடு நமக்கு இன்று வழக்கில்லை. நாம் சொல்வது வலைக்குண்டுக்கும் துப்பாக்கி ரவைக்கும் உதவும் கருத்த, கனத்த காரீயம். இதை ஒருவிதமாகப் பக்குவம் செய்தால் வெள்ளைப் பொடி கிடைக்கும். இன்னொரு விதமாகச் செய்தால் செந்தூரம் கிடைக்கும். குரோமியத்தோடு சேர்த்தால் பளீரென்ற மஞ்சள் கிடைக்கும். அந்த மஞ்சளோடு நீலத்தைக் கலந்தால், பாட்டனார் காலத்து ஜன்னல்களில் நாம் காண்பது போன்ற பச்சை கிடைக்கும். மரத்தை நன்றாக மூடும், சீக்கிரம் உலரும், வெயிலுக்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்கும் என்பதனால் உலகமெங்கும் வர்ண வியாபாரிகள் இதை விரும்பினார்கள். எடையில் பாதி காரீயமாகவே இருந்த வெள்ளை வர்ணங்களும் ஒரு காலத்தில் தாராளமாக விற்பனையாயின. எல்லாப் பழைய கதவுகளிலும் இது இருக்கிறது என்று பயமுறுத்த நாம் வரவில்லை. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சங்கடம்.

நம் முன்னோர் சுவருக்கு அடித்த சுண்ணாம்பில் காரீயம் கிடையாது. திண்ணைக்கு இட்ட செங்காவியிலும் கிடையாது. காவியின் சிவப்பு இரும்பினால் வந்தது. பந்தல்குடிப் பக்கத்தில் பூமியைத் தோண்டினால் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லை வைத்துக்கொண்டிருக்கிற நமக்கு, டப்பியில் அடைத்து வந்த பளபளப்பு பெரிய அந்தஸ்தாகத் தோன்றிற்று. பளபளப்போடு கூடவே விஷமும் வந்து சேர்ந்தது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. வீட்டு வர்ணங்களிலும் அலங்கார வர்ணங்களிலும் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கலாகாது என்று இந்திய சர்க்கார் 2016-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி விதி வெளியிட்டனர். ஒரு வருஷ அவகாசத்துக்குப் பின், 2017 நவம்பரில் அது அமுலுக்கு வந்தது. நல்ல சட்டம், இன்னும் கண்டிப்பாக நடத்தப்பட வேண்டிய சட்டம். ஏனெனில் விதி வந்த பிறகும், கடைகளில் டப்பிகளை வாங்கிச் சோதித்தவர்கள் சிறு கம்பெனிகளின் சரக்கில் அளவை மீறிய காரீயத்தைக் கண்டிருக்கிறார்கள். யந்திரங்களுக்கும் வாகனங்களுக்கும் பூசும் தொழிற்சாலை வர்ணங்களோ இந்த விதிக்குள் அடங்கவே இல்லை. பட்டறையில் மிஞ்சிய டப்பியை மலிவாக வாங்கி வீட்டுக் கேட்டுக்கு அடிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இல்லையென்று யார் சொல்வார்?

ஆனால் நாம் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம் அதுவன்று. இந்தச் சட்டம் கடை வாசலில் நின்றுவிடுகிறது. நம் வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. எத்தனையோ வருஷங்களாக ஒரு பூச்சின்மேல் ஒரு பூச்சாக ஏறியிருக்கும் பர்மா தேக்குக் கதவில், மேற்பூச்சு 2020-ம் வருஷத்தியதாக இருக்கலாம். அடிப்பூச்சு வெள்ளைக்காரன் காலத்தியதாகவும் இருக்கலாம். அப்படியே கிடக்கும்வரை அதனால் கெடுதல் கொஞ்சம்தான். நாம் தகட்டையும் உப்புத்தாளையும் எடுக்கும் அன்றைக்கு, அத்தனை வருஷத்து விஷமும் ஒரே நாளில் தூளாகிக் காற்றில் ஏறுகிறது. வீட்டை அழகுபடுத்துகிற காரியமே வீட்டுக்குக் கேடாய் முடிகிற விபரீதம் இது.

இதைக் கண்டுபிடித்த கதை தெரிந்துகொள்ளத்தக்கது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணம் நம்முடையதைப் போலவே வெயில் கொளுத்தும் பூமி. அங்கே பிரிஸ்பேன் நகரில் 1890-க்குப் பிற்பட்ட வருஷங்களில் குழந்தைகள் பலர் வயிற்று நோவாலும், கைகால் தளர்ச்சியாலும், பார்வைக் குறைவாலும் வருந்தினர். காரீய விஷம் என்று டாக்டர்கள் கண்டுகொண்டார்கள். எங்கிருந்து வருகிறது என்பதுதான் விளங்கவில்லை. லாக்ஹார்ட் கிப்ஸன் என்ற கண் வைத்தியர் 1904-ம் வருஷம் அதை வெளியிட்டார். வீட்டு முன்புறத் தாழ்வாரத்தின் கிராதிகளில் பூசிய வர்ணம் வெயிலில் காய்ந்து மாவாகிறது. அங்கே விளையாடும் குழந்தைகளின் ஈர விரல்களில் அது ஒட்டுகிறது. விரல் சூப்பும்போதும் நகம் கடிக்கும்போதும் வயிற்றுக்குள் போகிறது. அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் கழித்து, 1922-ல்தான், குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் அந்த வர்ணத்தைப் பூசலாகாது என்று அம்மாகாணம் சட்டம் செய்தது. தாழ்வாரம் என்பதைத் திண்ணை என்று மாற்றிப் படித்தால் இது நம் ஊர்க் கதைதான்.

பிரெஞ்சுக்காரர் 1909-லேயே வெள்ளை ஈய வர்ணத்தை விலக்கச் சட்டமியற்றினர். ஜினிவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு, வீட்டின் உட்புறத்தில் அதைப் பூசலாகாது என்று 1921-ல் உடன்படிக்கை வகுத்தது. அந்த ஸ்தாபனத்தில் ஆரம்பம் முதலே இந்தியா அங்கத்தினர். ஆயினும் அந்த உடன்படிக்கையை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அடிமை நாட்டில் நம் குழந்தைகளின் நலத்தைக் கவனிக்க ஆளில்லை என்று 1947 வரை சொல்லிக்கொண்டோம். அதில் நியாயமும் இருந்தது. சுதந்திரம் வந்து 69 வருஷங்களுக்குப் பிறகுதானே நம் சர்க்கார் டப்பிக்குக் கட்டுப்பாடு விதித்தனர்? அந்த 69 வருஷப் பழியை எந்த அன்னியன் தலையில் சுமத்துவது? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில், டாக்டர்கள் சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டிய தொழில் நோய்களின் வரிசையில் காரீய விஷமே முதலாவதாக நின்றது. தொழிற்சாலை மதிலுக்குள் அது நோய். மதிலுக்கு வெளியே, ஏணிமேல் நின்று அதே தூளைச் சுவாசிக்கும் பெயிண்டருக்கு அது விதி!

"எங்கள் பாட்டன் பிறந்ததும் இந்த வீடுதான், நான் வளர்ந்ததும் இந்த வீடுதான், எங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். காரீயம் பாம்பைப்போல் கடித்துக் கொல்லும் விஷமல்ல. பெருகப் போனால்தான் வலிப்பும் மரணமும். சிறுகச் சிறுகப் போனால் குழந்தையின் மூளையைத் தொடுகிறது; அறிவில் ஒரு பங்கை, கவனத்தில் ஒரு பங்கைத் திருடிக்கொண்டு போகிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "மந்தம்" என்பார். தகப்பனார் "சேஷ்டை" என்பார். பையன் இருவரிடமும் அடி வாங்குவான். இவ்வளவு போனால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமே கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. வயிற்றில் போகும் காரீயத்தை வளர்ந்தவர்களின் உடல் வாங்கிக்கொள்வதைவிடக் குழந்தையின் உடல் நாலைந்து மடங்கு அதிகமாக வாங்கிக்கொள்கிறது.

சென்னையில் மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள சுமார் 750 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து 2009-ல் வெளியிட்ட முடிவில், ஒரு டெஸிலிட்டர் ரத்தத்துக்குச் சராசரி 11 மைக்ரோகிராம் காரீயம் காணப்பட்டது. காரீயம் அதிகமான குழந்தைகளிடம் கவனக் குறைவும் அமைதியின்மையும் அதிகமாயிருந்தன. 5 மைக்ரோகிராம் கண்டாலே அது எங்கிருந்து வருகிறதென்று தேடி விலக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் கூறியிருக்கிறது. சென்னைக் குழந்தைகளுக்கு அவ்வளவும் வர்ணத்தினால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. பட்டணத்துப் புழுதிக்கும் தொழிற்சாலைகளுக்கும் அதில் பங்குண்டு. கரிசல் காட்டுப் பிள்ளைக்கு அத்தனை வழிகள் இல்லை. வேறொரு பலவீனம் உண்டு. சோகை பிடித்த உடம்பு, இரும்புச் சத்தும் சுண்ணச் சத்தும் போதாத உடம்பு, காரீயத்தை அவற்றின் ஸ்தானத்தில் ஆவலோடு ஏற்றுக்கொள்கிறது. சோகைப் பிள்ளைகள் மண் தின்பதை நம் கிராமங்களில் காணாதவர் யார்? சுவரோரத்து மண்ணில் சுரண்டிய வர்ணம் கலந்திருந்தால் அந்தப் பிள்ளை எதைத் தின்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விருதுநகரில் பிறந்த காமராஜர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்டார். அருப்புக்கோட்டையின் பிரதிநிதியாக நின்று 1977-ல் முதல் மந்திரியான எம். ஜி. ஆர். அதை 1982-ல் சத்துணவாக விரிவாக்கினார். அந்தச் சோறும் முட்டையும் இவ்விஷத்துக்கு எதிரான காவல்களே. ஒரு கையால் ஊட்டி மறு கையால் பறிக்கலாமா?

இன்னொரு வழக்கத்தையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருகிறாள் என்றால், வளைகாப்புக்கு முன் வீட்டைப் புதுப்பிக்கிறோம். அந்தப் பெண் அங்கிருக்கும்போதே கதவுகளைச் சுரண்டுகிறோம். காரீயம் தாயின் ரத்தத்திலிருந்து கருவுக்குச் செல்வது. சிறு வயதில் எலும்பில் தங்கியதுகூடக் கர்ப்ப காலத்தில் கரைந்து வெளிப்படுவது. அவளுக்குச் செய்யும் மரியாதை இதுவாக வேண்டாம். வேலை முடிந்து, வீடு துடைத்துச் சுத்தமான பிறகு பெண்ணை அழைத்து வாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பூச்சு விரிசலின்றி இறுகப் பிடித்திருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, காரீயம் விதித்த அளவுக்கு மேற்படவில்லை என்று டப்பியில் அச்சிட்டிருக்கும் வர்ணத்தை மேலே பூசிவிடலாம். விஷம் அடியில் சிறைப்பட்டுக் கிடக்கும். நிலையில் உராயும் கதவுக்குக் கீலைச் சரிசெய்தால் தூள் உதிர்வது நிற்கும். உதிர்ந்து செதிலாகி நிற்கும் இடங்களை மட்டும், தண்ணீர் தெளித்து, ஈரம் காயுமுன் சுரண்ட வேண்டும். வறண்ட உப்புத்தாள் ஆகாது. சுழலும் யந்திரம் ஆகவே ஆகாது. தீயால் சுட்டு உரிப்பது எல்லாவற்றிலும் மோசம், ஏனெனில் காரீயம் புகையாகி நேரே நுரையீரலுக்குப் போகும். குடிதண்ணீருக்கே குடத்தோடு காத்திருக்கும் ஊரில் கதவுக்குத் தண்ணீரா என்று கேட்பீர்கள். ஒரு கதவுக்கு ஒரு வாளி போதும். தண்ணீர்ச் சிக்கனத்தால் நாம் பழகிக்கொண்ட வறட்டுச் சுரண்டல்தான் இதில் பெரிய சத்துரு.

வேலை நடக்கும் அறையில் குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கலாகாது. பாய், தலையணை, தண்ணீர்ப் பானை, அடுக்களைச் சாமான் யாவற்றையும் முதலில் வெளியேற்றுக. அருப்புக்கோட்டை நெசவாளர் வீடுகளில் தறி அசையாது. அதையும் பாவையும் மூடிக் கட்டி, தறிக்குழியின் வாயையும் அடைக்க வேண்டும். குழியில் விழுந்த தூள் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். கதவின் கீழே பாலிதீன் விரிப்பு போட்டு, உதிர்வதையெல்லாம் அதிலேயே சேர்க்க வேண்டும். முடிந்தபின் துடைப்பம் எடுக்காதீர்கள்; பெருக்கினால் தூள் எழும்பி மறுபடி படியும். ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். மூக்கில் துண்டு கட்டிக்கொள்வது தைரியத்துக்கு உதவுமேயன்றித் தூளைத் தடுக்காது. 2020-ம் வருஷத்துக் கொள்ளை நோயின்போது பழகிக்கொண்டோமே, அந்த அடர்ந்த முகமூடியாவது வேண்டும். வேலை செய்தவர் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கலாம். அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். பீடியும் வெற்றிலையும் கையைக் கழுவிய பிறகுதான்.

சேர்த்த தூளை எருக்குழியில் கொட்டலாகாது; அது வயலுக்குப் போகும். கிணற்றோரத்திலும் கண்மாய்க் கரையிலும் கொட்டலாகாது. வர்ணம் பூசிய பழைய நிலையையும் சட்டத்தையும் உடைத்து வெந்நீர் அடுப்பில் வைக்கிற வழக்கம் இருக்கிறதே, அதை அறவே விடவேண்டும். விறகு எரியும், காரீயம் எரியாது. பாதி புகையிலும் பாதி சாம்பலிலும் நிற்கும். அந்தச் சாம்பலைத்தான் மறுநாள் காலையில் பாத்திரம் தேய்க்க எடுக்கிறோம்.

மாட்டுப் பொங்கலைப்பற்றியும் ஒரு வார்த்தை. கொம்புக்குக் காவியும் சுண்ணாம்பும் தீட்டிய காலம் போய், மிஞ்சிய எனாமலைத் தீட்டும் காலம் வந்திருக்கிறது. பழைய கொம்பைச் சீவி வர்ணம் போக்குவதும், புது வர்ணம் பூசுவதும் பெரும்பாலும் சிறுவர்களின் உற்சாக வேலை. காவிக்கே திரும்பிவிடுவதில் காளைக்கு அழகு குறையாது என்பது நமது அபிப்பிராயம்.

குடும்பஸ்தர் செய்யக்கூடியது இவ்வளவே. மற்றவை சர்க்காரையும் ஸ்தல ஸ்தாபனங்களையும் சேர்ந்தவை. கதவில் காரீயம் உண்டா என்று ஒரு நொடியில் காட்டும் கருவி இருக்கிறது. ஜில்லாவுக்கு ஒன்றேனும் வாங்கி, முதலில் அங்கன்வாடிகளையும் பழைய பள்ளிக்கூடக் கட்டிடங்களையும் சோதிப்பது பெரிய செலவாகாது. 2022-ல் திறக்கப்பட்ட விருதுநகர் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில், சோகையுள்ள குழந்தைகளுக்கும் பெயிண்டர்களுக்கும் காரீய ரத்தப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். திருச்சுழியிலிருந்தோ காரியாபட்டியிலிருந்தோ வருகிற ஏழை அதற்காக மதுரைக்கும் சென்னைக்கும் அலையக்கூடாது. 1994-ல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயிண்டர்களுக்கு இடமுண்டு. விபத்துக்கும் மரணத்துக்கும் பணம் தருகிற வாரியம், வருஷத்துக்கு ஒரு தரம் ரத்தம் பார்க்கவும், நல்ல முகமூடி தரவும் ஏன் முன்வரலாகாது? காலி வர்ண டப்பி முதலிய அபாயக் குப்பைகளைத் தனியே வாங்கிக்கொள்ள இடம் ஒதுக்கும்படி 2016-ம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கட்டளையிட்டன. அருப்புக்கோட்டை நகரசபையார் அந்த இடம் எது என்பதைத் தண்டோராப் போட்டோ, குப்பை வண்டியின் ஒலிபெருக்கியிலோ, பொங்கலுக்கு முன் ஜனங்களுக்குத் தெரிவிப்பார்களாக. திருச்சுழித் தாலுகாப் பஞ்சாயத்துகளுக்கும் அப்படியே ஓர் இடம் காட்டப்பட வேண்டும்.

இப்பகுதியின் தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பெயிண்டர்களையாவது சந்தித்து, தண்ணீர் தெளித்துச் சுரண்டுவதை அவர்கள் முன்னிலையில் ஒரு கதவில் செய்து காட்டுங்கள். அதனால் அரை நாள் கூலி அதிகமாகும் என்று அவர்கள் சொன்னால், அந்த அரை நாள் கூலியைத் தர வேண்டியவர் வீட்டுக்காரர், அவரிடம் பேசுங்கள்.